அம்மாவிடம் கேட்டதற்கு என் பதில்

ஞாயிற்றுக்கிழமை கோயில் அன்னதானத்தில் நடந்தது ஊருக்கே தெரியும். புலனக் குழுவிலும் (வாட்ஸ்அப்) நான் வாங்கிய புரோட்டோன் எக்ஸ்70 காரைப் பற்றி அதே பேச்சுதான் ஓடுகிறது. "லட்சம் வெள்ளிக்கு மேல கொடுத்து இந்த வண்டி தேவையா? சின்ன மைவி கார் போதாதா?" இதை என்னிடம் கேட்டிருந்தால் அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். மாமா அம்மாவிடம் கேட்டார், அதுவும் பந்தியில், நாலு பேர் முன்னால். அம்மா பாயசம்கூட வாங்காமல் எழுந்து வந்துவிட்டார்.

சரி, விலையைப் பற்றியே பேசுவோம். குடும்ப வண்டி ஒன்றின் விலை அதிகமா இல்லையா என்பது அதில் யார் ஏறப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. விலைப்பட்டியலை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

எங்கள் வண்டியில் ஏறுவது பால்மரக் காட்டில் நடந்தே முழங்கால் தேய்ந்த என் அம்மா. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ பைனுன் மருத்துவமனைக்குப் போய் வர வேண்டும். பழைய காரில் அவர் ஏறுவதை யாராவது பார்த்திருக்கிறீர்களா? ஒரு கை கதவில், ஒரு கை கூரையில், அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு தொப்பென்று உள்ளே விழுவார். இறங்கும்போது நான் பிடித்து இழுக்க வேண்டும். எக்ஸ்70-இல் இருக்கை அவர் இடுப்பு உயரத்துக்கே இருக்கிறது. சாய்ந்து உட்கார்ந்து, காலை உள்ளே திருப்பிக்கொள்கிறார், அவ்வளவுதான். சக்கர நாற்காலியும் மடித்தால் பின்னால் அடங்கிவிடுகிறது. இதற்கு என்ன விலை போடுவீர்கள்?

"அருஸ் வாங்கியிருக்கலாமே" என்றார் ஒருவர். பெரோடுவாவின் அந்த வண்டி 2019-இல் வந்தபோது 72,900 வெள்ளியில் தொடங்கியது, 7 இருக்கை, தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரம். பெரிய குடும்பத்துக்கு நல்ல வண்டி, மறுக்கவில்லை. நாங்கள் மூன்றே பேர்.

"சீனா வண்டி" என்றும் ஒரு பேச்சு. எக்ஸ்70 2018 டிசம்பரில் வந்தபோது, சீனாவின் ஜீலி நிறுவனத்து போயுவே வண்டியைத்தான் அங்கிருந்து முழு வண்டியாக இறக்கினார்கள், உண்மைதான். 2020-இலிருந்து தஞ்சோங் மாலிமில் பொருத்திய வண்டிதான் விற்கிறது. தஞ்சோங் மாலிம் நம் பேராக்கில்தானே இருக்கிறது? பெட்ரோல் அதிகம் குடிக்கும், தெரிந்தேதான் வாங்கினேன்.

"கடனாளி" என்ற சொல்தான் என்னைச் சுட்டது. 110,000 வெள்ளி வண்டிக்கு 10 விழுக்காடு முன்பணம் கட்டி, மீதி 99,000-த்தை, முழுக் கடனுக்கும் ஆண்டுக்கு 3 விழுக்காடு என்ற நிலையான வட்டியில் 9 ஆண்டுக்கு எடுத்தால் வட்டி மட்டும் 26,730. மாதத் தவணை சுமார் 1,164. நான் 30,000 முன்பணம் கட்டி, 80,000-த்தை அதே வட்டியில் 7 ஆண்டுக்கு எடுத்தேன். வட்டி 16,800, மாதம் சுமார் 1,152. தவணை கிட்டத்தட்ட அதேதான், ஆனால் இரண்டு ஆண்டு முன்னதாகவே கடன் முடியும், ஏறக்குறைய பத்தாயிரம் மிச்சம். அந்த 30,000 யார் கொடுத்ததும் இல்லை. பள்ளி முடிந்த பிறகு டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்தது. யார் வீட்டுக் கதவையாவது கடனுக்குத் தட்டினேனா?

டவுனில் கடை வைத்திருப்பவர் மகன் இதைவிட விலை கூடிய வண்டி வாங்கினான். அதே கோயிலில் எலுமிச்சம்பழம் வைத்து, மாலை போட்டு, எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். யாரும் அவன் அம்மாவிடம் தேவையா என்று கேட்கவில்லை. தோட்டத்து லயத்தில் பிறந்த பெண் வாங்கினால் மட்டும் உங்களுக்குக் கணக்கு வேண்டும். அப்பா ஒரே கப்சாய் மோட்டாரில் எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, மழையில் தோட்டத்து மண் சாலையில் சறுக்கிச் சறுக்கிப் பள்ளிக்குக் கொண்டு போனபோது "இது போதுமா" என்று யாராவது கேட்டீர்களா?

மீண்டும் சொல்கிறேன், யார் ஏறுகிறார்கள் என்று பார்த்துவிட்டு விலையைப் பேசுங்கள். "அக்கறையில்தான் கேட்டோம்" என்று நாளை யாராவது எழுதுவார்கள். அக்கறை உள்ளவர்கள் அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டிருப்பார்கள்.

மன்னிப்பு கேட்பதாக இருந்தால் குழுவில் எழுத வேண்டாம், மாமா. வீடு தெரியும்தானே, வந்து அம்மாவிடம் கேளுங்கள்.