கலர் தண்ணி இல்லை சார்

ஞாயிற்றுக்கிழமை நம்ம ஊர் ஆஸ்பத்திரியின் புது பில்டிங் திறப்பு விழாவில், பழைய கம்பவுண்டரைக் கிண்டல் செய்து மேடையில் ஒரு ஜோக் சொன்னார்கள், அதைத் திரும்ப விவரமாக எழுதப் போவதில்லை. வீடியோ எல்லாக் குரூப்பிலும் சுற்றியாகிவிட்டது. பார்க்காதவர்கள் பாக்கியவான்கள். நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். நம்ம ஊர் ஆஸ்பத்திரியை யாரும் நமக்குத் தானமாகக் கொடுக்கவில்லை. நாம் வரி கட்டி, நாம் வேலை பார்த்து ஓட்டிய ஆஸ்பத்திரி அது.

விழா மலரில் 'வரலாறு' என்று ஒரு பக்கம். ஊர் ஜனங்கள் வேப்பிலையும் விபூதியுமாகச் செத்துக்கொண்டிருந்தார்களாம். பெரிய வீட்டு முன்னோர் ஒருவர் மனமிரங்கி இடம் கொடுத்தாராம். ஆஸ்பத்திரி வந்துவிட்டதாம். அப்புறம் நேராக இந்தப் புது பில்டிங். நடுவில் ஒன்றுமே நடக்கவில்லை போலிருக்கிறது.

வேப்பிலைக் கதையை முதலில் பார்ப்போம். 1801ல் சரபோஜி மன்னர் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு (கம்பெனியின் பிரதிநிதிக்கு) எழுதிய கடிதம் ஒன்று உண்டு. தஞ்சாவூர் சீமைச் சத்திரங்களைப் பற்றியது. அங்கே சோறு மட்டும் போடவில்லை. நோயில் விழுந்த வழிப்போக்கருக்கு வைத்தியம் பார்க்கவும், விஷக்கடிக்கு மருந்து கொடுக்கவும் ஆள் இருந்தது, பிரசவத்துக்கு வந்த பெண்ணையும் கவனித்தார்கள் என்று எழுதுகிறார். தன்வந்திரி மகால் என்று மருந்துக்கென்றே ஓர் இடம் வைத்திருந்த ராஜா அவர். அதற்கும் 800 வருஷம் முந்தி, குந்தவை தன் தகப்பனார் பெயரில் தஞ்சாவூரில் ஆதுலர் சாலை, அதாவது நோயாளிகளுக்கான ஆஸ்பத்திரி, நடத்தியிருக்கிறார். ஆக, பெரிய வீட்டார் கண் திறக்கும்வரை டெல்டாவே வேப்பிலையை மென்றுகொண்டிருந்தது என்று எழுதுவதற்கு ஒரு தனி தைரியம் வேண்டும்.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருவோம். பழைய ஓ.பி. கட்டட வாசல் நிலைக்கு மேலே என்ன எழுதியிருந்தது என்று ஐம்பது வயசு தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எல்.எஃப். ஆஸ்பத்திரி. லோக்கல் பண்டு. 1871ல் மதராஸ் மாகாணத்தில் லோக்கல் பண்டு சட்டம் வந்தது, 1884ல் லோக்கல் போர்டு சட்டம். நிலத்துக்குப் போட்ட வரியோடு ரூபாய்க்கு ஓரணா வரைக்கும் செஸ் என்று தனியாக வாங்கினார்கள். அந்தக் காசில்தான் ரோடு, பள்ளிக்கூடம், டிஸ்பென்சரி எல்லாம். 1934ல் தாலுகா போர்டுகளைக் கலைத்த பிறகு ஆஸ்பத்திரி கை மாறியிருக்கிறது, ஓட்டிய காசு மட்டும் கடைசிவரை ஜனங்களுடையதுதான். வாசலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். அதை இடித்துவிட்டு, அந்த இடத்தில் 'கொடை வள்ளல்' என்று மார்பிள் பதித்திருக்கிறார்கள்.

"இடம் கொடுத்தது பொய்யா?" என்று கேட்பீர்கள். இல்லை, கொடுத்தார்கள். நன்றி. தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரியிலும் அரண்மனையும் மிராசுதார்களும் கொடுத்தார்கள், பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது, யாரும் அழிக்கச் சொல்லவில்லை. ஆனால் செஸ் கட்டிய மிராசுதாருக்கு நெல் எங்கிருந்து வந்தது? வாரத்துக்கு (பங்குக்கு) உழுதவருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்பதற்கே 1952ல் ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது, குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். அதுவரைக்கும் அதுகூடக் கிடைக்காதவர்கள் விளைவித்த நெல்லில் கட்டிய வரி, அந்த வரியில் நடந்த ஆஸ்பத்திரி. இதில் யார் யாருக்குத் தானம் கொடுத்தது?

இதைச் சொன்னால் சாதி பேசுகிறேன், அரசியல் பேசுகிறேன் என்று ஒரு தம்பி கமெண்டில் வருவார். வாங்க தம்பி. கணக்குப் பேசுகிறேன்.

இப்போது அந்த 'ஜோக்'. மேடையில் சார் (பெயர் வேண்டாம், எனக்கே பாடம் நடத்தியவர்) சொன்னார்: "அந்தக் காலத்துல இங்க மருந்தா இருந்துச்சு? கம்பவுண்டர் கலர் தண்ணிதான் ஊத்திக் குடுப்பாரு." பந்தலே சிரித்தது. முன்வரிசையில் என் அம்மா உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கம்பவுண்டர் என் அப்பா.

சார், அது கலர் தண்ணி இல்லை. சிவப்பாக இருந்தது கார்மினேட்டிவ் மிக்சர். சோடா உப்பு, இஞ்சி டிங்சர், ஏலக்காய் டிங்சர். அந்தச் சிவப்பு ஏலக்காய் டிங்சரில் சேர்க்கிற காச்சினீல் என்ற சாயத்தில் இருந்து வருவது. வெள்ளையாக அடியில் படிந்து நின்றது கேயோலின், பேதிக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வீட்டில் மூன்று பேருக்கு மூன்று மருந்து இருந்தால் எது யாருக்கு என்று கலரை வைத்துத்தான் பிரித்தார்கள். மாத்திரை அட்டையைக் கிழித்துக் கையில் போடுகிற வேலை இல்லை அது. தராசில் நிறுத்து, கல்வத்தில் அரைத்து, அளவுக் கிளாஸில் ஊற்றி, காலையிலிருந்து மத்தியானம்வரை நின்றுகொண்டே செய்வது.

பாட்டில் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். நல்லெண்ணெய் பாட்டிலைச் சரியாகக் கழுவாமல் கொண்டு வருவார்கள், அப்பா திருப்பி அனுப்பிவிடுவார். அளவுக் காகிதம் வெட்டுவது என் வேலை. பழைய ரிஜிஸ்டர் தாளில் நீளமாக ஒரு துண்டு கிழித்து, வேளைக் கணக்குக்கு மடித்து, ஓரத்தை லேசாகக் கத்தரித்துப் பிரித்தால் சம தூரத்தில் பல் பல்லாக விழும். கோந்து தடவிப் பாட்டிலில் ஒட்டினால் ஒரு பல் ஒரு வேளை. "குலுக்கிக் குடி, குலுக்காமக் குடிச்சா கடைசி வேளைதான் மருந்து" என்று ஒவ்வொருவரிடமும் சொல்வார். சாரும் அந்தப் பாட்டிலோடு வரிசையில் நின்றவர்தான்.

யானைக்கால் இந்தப் பக்கத்தில் எவ்வளவு இருந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கும்பகோணம் என்றாலே வெளியூர்க்காரன் காலைப் பார்ப்பான். அந்தப் பூச்சி ராத்திரியில்தான் ரத்தத்தில் வெளியே ஓடும். அதனால் பைலேரியா (யானைக்கால் ஒழிப்பு) ஆட்கள் ராத்திரி வீடு வீடாக வந்து விரலில் குத்துவார்கள். தூங்குகிறவர்களை எழுப்பி ரத்தம் எடுத்தால் திட்டு விழாமல் என்ன செய்யும்? அப்பா டியூட்டி முடிந்தும் அவர்களோடு தெருவுக்குப் போவார். தெரிந்த முகம் கூட வந்தால் கதவு திறக்கும் என்று. எண்ட்ரின் என்ற பூச்சி மருந்தைக் குடித்தவர்களை மாட்டு வண்டியில் கொண்டுவந்து போடுவார்கள். டியூப் விட்டு வயிற்றைக் கழுவும்போது தலையைப் பிடித்துக்கொண்டு நின்றது ஆயாவும் தோட்டியும். இதெல்லாம் வரலாறு இல்லையா? மலரில் திருமண மண்டப விளம்பரம் முழுப் பக்கம் இருக்கிறது, அதனால் இடப் பற்றாக்குறை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடலில் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கை ஆஸ்பத்திரி. அதில் வைத்தியருக்கு இவ்வளவு நெல், சல்லியம் (அறுவை) செய்பவருக்கு இவ்வளவு என்று எழுதியதோடு நிறுத்தவில்லை. மூலிகையும் விறகும் கொண்டுவருகிற ஆள், நோயாளியைக் கவனிக்கிற பெண்கள், நாவிதர் வரைக்கும் கல்லில் இருக்கிறார்கள். ராஜா வெட்டிய கல்வெட்டு, 11ஆம் நூற்றாண்டு. நம்ம விழாக் குழு ஆர்ட் பேப்பரில் அச்சடிக்கிறது, அதில் ஆயாவுக்கு ஒரு வரி கிடையாது.

"அப்பா பேரைப் போடலைன்னு கோபம், அவ்வளவுதானே?" ஆமாம், கோபம்தான். அதில் என்ன கேவலம்? அவரவர் முன்னோர் பெயருக்காக மார்பிளே பதிக்கலாம், நான் என் அப்பாவைக் கிண்டல் செய்ததைக் கேட்கக்கூடாதா? "கட்டிக்கொடுத்து வெளியூர் போனவளுக்கு இங்க என்ன?" என்று இன்னொருவர் கேட்டதாகவும் காதில் விழுந்தது. அம்மா இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறார். அவருக்கு மூச்சு வாங்கினால் உங்களுக்கு முன்னால் எனக்குத்தான் போன் வருகிறது.

வந்தது, போன தையில். ராத்திரி பதினொன்று இருக்கும். அம்மாவை ஆட்டோவில் ஏற்றி நம்ம ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போனார்கள். டியூட்டி டாக்டர் சின்னப் பையன், பாவம், ஊசி போட்டு, மாஸ்க் வைத்து எல்லாம் செய்தார். எழுதிய மருந்தை வாங்கப் போனால் மருந்தறை பூட்டு. ராத்திரிக்கு ஆள் கிடையாது. வெளியே கடை எல்லாம் சாத்தியாயிற்று. 108ஐக் கூப்பிட்டு, தஞ்சாவூர் மெடிக்கலுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். என் அப்பா இருந்த காலத்தில் அந்த அறைச் சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்கும். நடுராத்திரி யார் கதவைத் தட்டினாலும் சட்டையைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடுவார். அதைக் கலர் தண்ணி என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

மூன்று மாடி, லிப்ட், மார்பிள். யாருக்குச் சந்தோஷம் இல்லை? எனக்கும்தான். ஆனால் மருந்தறைக்கு ராத்திரி ஆள் போடுங்கள் என்று அந்த மேடையில் ஒருவர் கேட்டாரா? மந்திரி கைக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தாரே. நம் வரியில் நடக்கிற ஆஸ்பத்திரி என்று நினைத்திருந்தால் வாய் வந்திருக்கும். தானமாக வந்தது என்று நினைத்தால் பொன்னாடைதான் போடத் தோன்றும்.

விழாக்குழு அண்ணன் ஒருவர், மலர் பிரதி ஒன்றை வீட்டுக்கே அனுப்பிவைக்கிறேன், கோபப்படாதீர்கள் என்று மெசேஜ் போட்டிருக்கிறார். வேண்டாம் அண்ணே. தபால் செலவு மிச்சமாகும். அந்தக் காசுக்கு மருந்தறை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்று வாசலில் ஒரு போர்டு எழுதி மாட்டுங்கள். ஆட்டோ பிடிப்பதற்கு முன்னால் பார்த்துக்கொள்கிறோம்.