ஆத்துல துணிய விடாதீங்கய்யா

ஐப்பசி கார்த்திகை மழை வந்தாலே தாமிரபரணில தண்ணி செக்கச்செவேல்னு பெருகி வரும், எங்க திருநெல்வேலி குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கும், அதுக்கு முன்னாடியே உற்சவர மேலக்கோயிலுக்கு தூக்கிட்டு போயிருவாங்க, அதெல்லாம் எங்களுக்கு பழக்கந்தான். வெள்ளம் வடிஞ்சப்புறம் படித்துறைக்கு போனாதான் வயிறு எரியுது. படி பூரா சேறு, அந்த சேத்துக்குள்ள வேட்டியும் சேலையும் முறுக்கிக்கிட்டு கெடக்கு, கால வச்சா சிக்குது. பரிகாரம்னு பாபநாசத்துல இருந்து இங்க வரைக்கும் முங்கி எந்திரிச்சு, உடுத்துன துணிய அப்படியே ஆத்துல விட்டுட்டு போறாங்க. தாயின்னு கும்பிட்டுட்டு அவ மடியிலயே அழுக்குத்துணிய போட்டா எந்தப் பாவம்யா தொலையும்? தூத்துக்குடி வரைக்கும் இந்த தண்ணிய தான குடிக்கோம்! துணிய தயவுசெஞ்சு வீட்டுக்கே எடுத்துட்டு போங்க.