பார்சல் கட்டுறதுக்கு முன்னாடி லெட்டர் எழுதுங்க

போர்முனைல இருக்குறவங்களுக்கு ஏதாவது பண்ணணும்னு நினைக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க, அந்த மனசுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா பண்ணணும்னு கிளம்பினதும் எல்லாரும் நேரா போறது கடைக்குத்தான். சாக்ஸ், சோப்பு, ரேசர், பிஸ்கட்னு ஒரு பெட்டி நிறைய வாங்கி அடுக்கி, டேப்ப ஒட்டுறதுக்கு முன்னாடி கடைசி நிமிஷத்துல ஒரு கார்டு, அதுல "உங்கள் தியாகத்திற்குத் தலை வணங்குகிறோம்"னு ஒரு வரி, முடிஞ்சுது. நான் ரொம்ப நாளா சொல்லணும்னு நினைச்சுக்கிட்டு இருந்தது இதத்தான். அந்தப் பெட்டியிலயே அவங்களுக்கு ரொம்ப முக்கியமானது அவசரத்துல கிறுக்கி உள்ள போட்ட அந்தத் தாளுதான், நாம அதுக்குத்தான் இருக்குறதுலயே கம்மியா நேரம் ஒதுக்குறோம்.

சோப்பு தீர்ந்துடும், பிஸ்கட்ட பத்து பேர் பிரிச்சு ஒரு மணி நேரத்துல முடிச்சுடுவாங்க, அதுவும் சந்தோஷம்தான், வேணாம்னு சொல்லல. லெட்டர் மட்டும் மடிச்ச மடிப்பு கிழியுற வரைக்கும் பாக்கெட்லயே இருக்கும். எங்க சொந்தத்துல ஒரு அண்ணன் பல வருஷம் ராணுவத்துல இருந்தவரு. என்னென்ன பார்சல் வந்துச்சுன்னு கேட்டா யோசிச்சு யோசிச்சு ரெண்டு மூணு சொல்லுவாரு. ஆனா அவர் தங்கச்சி எழுதின ஒரு லெட்டர இன்னைக்கும் அப்படியே ஒப்பிப்பாரு. அதுல இருந்தது வீட்டு பாத்ரூம் பைப் ஒழுகுன கதை. பிளம்பர் வந்து வாஷர் மாத்தினாரு, அடுத்த நாளே மறுபடி சொட்ட ஆரம்பிச்சுது, திரும்ப வந்து பைப்பையே மாத்தணும்னு சொல்லிட்டாரு, அப்பா "இதுக்கெல்லாம் ஆளா, நானே பாத்துக்குறேன்"னு ஸ்பேனரோட உள்ள போய் தலையிலேந்து கால் வரைக்கும் நனைஞ்சு வெளிய வந்தாரு, அம்மா சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டுக்காரங்க என்னமோ ஏதோன்னு எட்டிப் பாத்தாங்க. அவ்வளவுதான் மொத்த லெட்டரும். அத அவர் சத்தமா படிச்சுக் காட்டியிருக்காரு, கூட தங்கியிருந்தவங்க எல்லாம் உக்காந்து கேட்டிருக்காங்க. அடுத்த தபால் வந்தப்ப அவர் கவரப் பிரிக்கிறதுக்குள்ள ஆளாளுக்கு கேட்டாங்களாம், "பைப் சரியாயிடுச்சா?"

தபாலோட அருமை ராணுவங்களுக்கு நல்லாவே தெரியும். முதல் உலகப்போர் நடந்தப்ப லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க்ல மரத்தாலயே பிரம்மாண்டமா ஒரு கூடம் எழுப்பி, ஹோம் டிப்போன்னு பேர் வச்சு, போர்முனைக்குப் போற தபால அங்கதான் இடம் வாரியா பிரிச்சாங்க. வேலை பாத்த 2,500 பேர்ல பெரும்பாலும் பெண்கள். உச்சகட்டத்துல வாரத்துக்கு 1 கோடியே 20 லட்சம் லெட்டர், அது போக 10 லட்சம் பார்சல். ரெண்டாம் உலகப்போர்ல ஆயுதமும் சாப்பாடும் ஏத்தவே இடம் பத்தாம தவிச்சப்ப, அமெரிக்கா லெட்டர நிறுத்தல, அத சின்னதாக்குறதுக்கு வழி தேடுச்சு. 1942ல வந்த வி-மெயில்ல லெட்டர மைக்ரோஃபிலிம்ல படம் பிடிச்சு அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்துல திரும்ப தாள்ல பிரிண்ட் போட்டுக் குடுத்தாங்க. 1,50,000 ஒரு பக்க லெட்டர் அனுப்ப 37 மூட்டை, 2,575 பவுண்டு எடை ஆகும், ஃபிலிம்ல அதுவே ஒரு மூட்டை, 45 பவுண்டு. இவ்வளவு மெனக்கெட்டது எதுக்கு? இந்த மாதிரி பைப் ஒழுகுன கதையெல்லாம் போய்ச் சேரணும்னுதான்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அமெரிக்க ராணுவத்தோட 6888வது தபால் படைப்பிரிவோட கதை. 855 பெண்கள், அநேகமா எல்லாருமே கருப்பினப் பெண்கள், மேஜர் சாரிட்டி ஆடம்ஸ்தான் தலைமை. 1945 பிப்ரவரில இங்கிலாந்து பர்மிங்ஹாமுக்கு வந்து இறங்கினாங்க. சூடேத்த வசதி இல்லாத கட்டடம், விமானத் தாக்குதலுக்குப் பயந்து கருப்பு பெயிண்ட் அடிச்ச ஜன்னல், உள்ள கூரை வரைக்கும் தபால் மூட்டை, கெட்டுப்போன கேக்குக்காக பார்சல ஓட்டை போட்டு உள்ள பூந்த எலி. பல லெட்டர்ல பாதி அட்ரஸ்தான் இருக்கும், சிலதுல வெறும் செல்லப் பேர், கீழ "அமெரிக்க ராணுவம்". ராபர்ட் ஸ்மித்ங்குற பேர்ல மட்டும் 7,500 பேர் இருந்தாங்க, யாருக்கு எந்த லெட்டர்னு கண்டுபிடிக்க 70 லட்சம் அட்டை போட்டு வச்சுக்கிட்டு, ராத்திரி பகலா மூணு ஷிஃப்ட், ஒரு ஷிஃப்டுக்கு 65,000 தபால் வரைக்கும் பிரிச்சாங்க. ஆறு மாசம் ஆகும்னு குடுத்த வேலைய மூணே மாசத்துல முடிச்சாங்க. தபால் இல்லன்னா தெம்பு இல்லங்குறதுதான் அவங்களோட கோஷமே. அமெரிக்க காங்கிரஸ் அவங்களுக்கு தங்கப் பதக்கம் குடுக்கச் சட்டம் போட்டது 2022லதான், அதுக்குள்ள அதுல அநேகம் பேர் போய்ச் சேர்ந்துட்டாங்க. அத நினைச்சா மனசு கனக்குது.

இப்பதான் வாட்ஸ்அப் இருக்கே, வீடியோ கால் இருக்கே, லெட்டர் எதுக்குன்னு கேப்பீங்க. இருக்கு, ஆனா எப்பவும் இருக்காது. யூனிட்ல யாராவது இறந்துட்டா, அவங்க குடும்பத்துக்கு முறைப்படி தகவல் போய்ச் சேர்ற வரைக்கும் போன், இன்டர்நெட் ரெண்டையும் நிறுத்தி வைக்கிறது பல ராணுவத்துல வழக்கம், அதாவது வீட்டுக் குரல் கேட்டாத்தான் தாங்க முடியும்ங்குற நேரத்துலதான் லைன் இருக்காது. பிரிட்டனோட அணு நீர்மூழ்கிகள்ல மாசக்கணக்கா கடலுக்குள்ள இருக்குறவங்களுக்கு வீட்டுலேந்து வாரத்துக்கு 120 வார்த்தை அளவுல ஒரு செய்திதான் போகும், அவங்களால பதில் கூட அனுப்ப முடியாது. கால் பேசினா கட் பண்ணதோட முடிஞ்சுடும், அதுவும் பாதி நேரம் "கேக்குதா? கேக்குதா?"ன்னுதான் போகும். தாளுக்கு சார்ஜும் வேணாம் சிக்னலும் வேணாம், ராத்திரி காவல் முடிச்சு வந்து டார்ச் வெளிச்சத்துல அதே பக்கத்த நாலாவது தடவை படிக்கலாம்.

சரி என்ன எழுதுறது? தியாகம், வீரம், எல்லைச்சாமி எல்லாம் வேணாம்ங்க. தன்னப் பத்தி அவங்களுக்கே தெரியும், அவங்களுக்குத் தெரியாம நடந்துக்கிட்டு இருக்குறது நம்ம வீட்டு சங்கதிதான். நாய் செருப்பக் கடிச்சது, மழையில ஸ்கூட்டர் நின்னு போனது, குழந்தை புதுசா கத்துக்கிட்ட வார்த்தை, யாருக்கும் யாருக்கும் சண்டை, அப்புறம் எப்படி ராசியானாங்க, இதெல்லாம் எழுதுங்க. "இங்க எல்லாரும் நலம், கவலைப்படாதே"ன்னு மட்டும் எழுதி முடிக்காதீங்க, அதப் படிச்சா தூரத்துல இருக்குறவங்களுக்கு இன்னும் கவலைதான் வரும், எதையோ மறைக்கிறாங்கன்னு தோணும். அம்மாவுக்கு முட்டி வலின்னா வலின்னே எழுதலாம், டாக்டர்கிட்ட போனோம் இப்ப கொஞ்சம் தேவலன்னு சேர்த்து எழுதுங்க. எத்தன பேர சுட்டீங்க, பயமா இருக்கா, எங்க இருக்கீங்கன்னு கேக்கவே கேக்காதீங்க. இன்னொன்னு, வீட்டு ஆளுங்க எழுதும்போது லெட்டர் மேல 1, 2, 3ன்னு நம்பர் போடுங்க. தபால் வரிசையா வராது, சில சமயம் மூணு வாரத்து லெட்டர் ஒரே நாள்ல கட்டா வந்து சேரும், நம்பர் இருந்தா கதைய வரிசையா படிக்கலாம்.

முகம் தெரியாத ஒருத்தருக்கு எழுதணும்னா கொஞ்சம் விசாரிச்சுட்டு எழுதுங்க. அமெரிக்காவுல முன்னாடி பேரே போடாம "ஏதாவது ஒரு வீரருக்கு"ன்னு எழுதிப் போட்டா போய்ச் சேரும். 2001ல ஆந்த்ராக்ஸ்ங்குற ஆளக் கொல்லுற கிருமிப் பொடி போட்ட லெட்டர் வந்து ஆளுங்க செத்தப்புறம் அத நிறுத்திட்டாங்க. அப்புறம் 2003ல ஆரம்பிச்ச ஆபரேஷன் கிராட்டிட்யூட், சோல்ஜர்ஸ் ஏஞ்சல்ஸ் மாதிரி அமைப்புங்க வழியா ஜனங்க அனுப்புறாங்க. பிரிட்டன்ல பாதுகாப்பு அமைச்சகமே பொதுமக்கள்கிட்ட பார்சல் அனுப்பாதீங்க, அதுக்குப் பதிலா ராணுவத்தினருக்கான அறக்கட்டளைகளுக்கு உதவுங்கன்னு கேட்டுக்கிச்சு. ஏன்னா யாரோ அனுப்புன ஆயிரம் பெட்டி ஹெலிகாப்டர்ல இடத்த அடைச்சுக்கிட்டா, மனைவியோ பிள்ளையோ எழுதின லெட்டர் பின்னாடி தங்கிடும். நல்ல எண்ணத்துல அனுப்புனதே இன்னொருத்தரோட லெட்டர வழிமறிச்சு நிக்குது பாருங்க, அதனாலதான் கேட்டுட்டு அனுப்புங்கன்னு திரும்பத் திரும்பச் சொல்றேன்.

கேட்டு அனுப்புறதுன்னா எப்படின்னு 1914லயே பண்ணிக் காட்டியிருக்காங்க. அந்த கிறிஸ்துமஸுக்கு பிரிட்டன் இளவரசி மேரி பேர்ல வீரர்களுக்கு ஒரு பித்தளைப் பெட்டி போச்சு, உள்ள சிகரெட், புகையிலை. புகை பிடிக்காதவங்களுக்கு அதுக்குப் பதிலா மிட்டாயும், பென்சில், தாள், கவர் வச்ச ஒரு எழுதுற செட்டும். நர்ஸுங்களுக்கு சாக்லேட். பிரான்ஸ்ல சண்டை போட்டுக்கிட்டு இருந்த இந்திய வீரர்கள்ல சீக்கியர்களுக்கு புகையிலை ஆகாதுன்னு கல்கண்டும் மசாலா டப்பாவும். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, வாங்குறவங்க யாருன்னு யோசிச்சிருக்காங்க இல்ல, எனக்கு அதுதான் பெருசாத் தெரியுது.

பார்சல் கட்டும்போது சோப்பையும் திங்கிற பொருளையும் ஒரே பெட்டியில வைக்காதீங்க, வழியில வெயில்ல கிடந்து பிஸ்கட் முழுக்க சோப்பு வாசனை ஏறிடும், வாயில வைக்க முடியாது. வேற வழியே இல்லன்னா ரெண்டு ஜிப்லாக் கவர் போட்டு மூடுங்க. பாலைவனப் பக்கம்னா சாக்லேட் வேணாம், உருகி எல்லாத்து மேலயும் பூசிக்கும். ஷாம்பு மூடிய டேப் போட்டு ஒட்டுங்க. டார்ச்ல பேட்டரிய கழட்டித் தனியா வைங்க. பெட்டிக்குள்ளயும் ஒரு தாள்ல அட்ரஸ் எழுதிப் போடுங்க, மேல ஒட்டினது கிழிஞ்சாலும் போய்ச் சேரும். போற நாட்டோட சட்டத்தையும் பாருங்க, மேற்காசியாவுல இருக்குற அமெரிக்கப் படைங்களுக்கு மதுவும் பன்றி இறைச்சியும் அனுப்பக் கூடாது. எதுலயும் கொஞ்சம் கூடுதலா வைங்க, ஒரு தபால் கூட வராதவங்க ஒவ்வொரு யூனிட்லயும் இருப்பாங்க, பேர் கூப்பிடும்போது அவங்க தள்ளி நிப்பாங்க, பகிர்ந்துக்க ஏதாவது இருந்தா "நீயும் வா"ன்னு கூப்பிட முடியும்.

உக்ரைன்ல சாதாரண ஜனங்க என்ன பண்றாங்கன்னு பாருங்க. காலி டின்ல அட்டைய சுருட்டி வச்சு, உருக்கின மெழுக ஊத்தி பதுங்குகுழி மெழுகுவர்த்தி செய்றாங்க, குளிர்ல கை காயவும் டீ சுட வைக்கவும் அது உதவும். ஸ்கூல்லயும் நூலகத்துலயும் உக்காந்து கிழிச்ச துணில மறைப்பு வலை பின்றாங்க. அதோட குழந்தைங்க வரைஞ்ச படமும் போகுது, அத பதுங்குகுழி சுவத்துல ஒட்டி வச்சிருக்குற போட்டோ நிறைய வந்திருக்கு. குழந்தைங்கள எழுத விடுங்க, ஆனா டீச்சர் போர்டுல எழுதிப் போட்டத முப்பது பேரும் காப்பி அடிக்கிற மாதிரி வேணாம். எழுத்துப்பிழையோட, கோணல் மாணலா, "உங்களுக்கு பூனை பிடிக்குமா"ன்னு கேட்டாலே போதும்.

எப்ப அனுப்புறோம்ங்குறதும் ரொம்ப முக்கியம். கிளம்பின புதுசுலயும் பண்டிகை சமயத்துலயும் எல்லாரும் அனுப்புவாங்க, பெட்டி குவியும். நடுவுல ஒரு நாலஞ்சு மாசம் யாருக்கும் ஞாபகம் இருக்காது, அங்க அவங்களுக்கு நாளே நகராத காலம் அதுதான். வருஷத்துக்கு ஒரு பெரிய பெட்டிக்குப் பதிலா மாசத்துக்கு ரெண்டு லெட்டர்னு வச்சுக்கோங்க, செலவும் கம்மி.

அப்புறம் தயவுசெஞ்சு பார்சல் அட்ரஸ் தெரியுற மாதிரி போட்டோ எடுத்து சோஷியல் மீடியால போடாதீங்க. யூனிட் பேர், இருக்குற இடம், எந்தத் தேதில கிளம்புறாங்க, எப்பத் திரும்புறாங்கன்னு எதுவும் வேணாம், பெருமையா இருக்கும், புரியுது, இருந்தாலும் வேணாம்.

பதில் வரலன்னு எழுதுறத நிறுத்திடாதீங்க. எழுத நேரம் இருக்காது, நேரம் இருந்தாலும் எதச் சொல்றதுன்னு தெரியாது, வர்ற பதில் ஒரு வருஷம் கழிச்சுக் கூட வரலாம். கவருக்குள்ள ரெண்டு வெத்துத் தாள், ஒரு பேனா, உங்க அட்ரஸ் எழுதின ஒரு கவர் வச்சு அனுப்புங்க. அமெரிக்க வீரருங்கன்னா போர்ப்பகுதிலேந்து அமெரிக்காவுக்கு எழுத ஸ்டாம்ப் கூட வேணாம், ஸ்டாம்ப் ஒட்டுற இடத்துல இலவசத் தபால்னு அவங்க கையால எழுதினாலே லெட்டர் வந்து சேரும்.