பி.டி. மாஸ்டராம்!

நம் கால்பந்து குரூப்பில் ஓடிய அந்த மீமை நான் இங்கே மறுபடி போடப்போவதில்லை. 2025 ஆகஸ்டில் துருக்கியின் பெஷிக்தாஷ் கிளப், மான்செஸ்டர் யுனைடெட்டின் பழைய வீரரும் கோச்சுமான ஓலே குன்னார் சோல்ஷயரைக் கோச் வேலையிலிருந்து அனுப்பிவிட்டது. சரி. சுவிஸ் கிளப் லொசானிடம் தோற்று ஐரோப்பியப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்கை விட்டே வெளியேறினால் எந்த கிளப்பும் அனுப்பத்தான் செய்யும். அதற்காக கழுத்தில் விசிலை மாட்டி, 'பி.டி. மாஸ்டர் ஸ்கூலுக்குத் திரும்பினார்' என்று போட வேண்டுமா? ஆட்ட அறிவு இல்லாதவர், விசில் ஊதத்தான் லாயக்கு என்ற கேலிதானே அது?

மறுநாளே அதே இஸ்தான்புல்லில் ஃபெனர்பாச்சே கிளப் தன் கோச் மொரீனியோவையும் அனுப்பிவிட்டது. அவருக்கு மீம் எங்கே சாமி? அவர் மேதை, நிர்வாகம் சரியில்லை, அப்படித்தானே? மான்செஸ்டர் யுனைடெட் கோச்சாக லீக்கில் பிடித்த இரண்டாம் இடத்தைத் தன் பெரிய சாதனைகளில் ஒன்று என்று மொரீனியோ சொன்னபோது தலையாட்டினீர்கள். 2021-இல் ஓலே யுனைடெட்டை அதே இரண்டாம் இடத்துக்குக் கொண்டுபோனால் 'வெறும் இரண்டாம் இடம்'.

1999 சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் யுனைடெட்டுக்காகக் கடைசி நேரத்தில் போட்ட கேம்ப் நூ கோலைக் காட்டி வேலை வாங்கியவர் என்கிறார்கள். நார்வேயின் மோல்டே கிளப் தொடங்கி நூறு வருஷம் லீக் பட்டத்தைப் பார்த்ததே இல்லை. 2011-லும் 2012-லும் ஜெயித்தது. கோச் யார்? அந்தக் கோலைக்கூட அதிர்ஷ்டம் என்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்து டிஃபெண்டர்கள் எங்கே தப்பு செய்கிறார்கள் என்று படித்துவிட்டு இறங்குகிற ஆள் அவர். அதே 1999 பிப்ரவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் மைதானத்தில் சப்ஸ்டிட்யூட்டாக வந்து நான்கு கோல் போட்டார். நாலும் அதிர்ஷ்டமா?

'யுனைடெட் கோச்சாக ஜெயித்த கோப்பை எங்கே?' இல்லைதான். 2021 யூரோப்பா லீக் ஃபைனலில் ஸ்பெயினின் வியாரியாலிடம் பெனால்டியில் 11-10 என்று தோல்வி. கடைசியாக நம் கோல்கீப்பர் டி கியா அடித்தது உள்ளே போயிருந்தால் இன்று நீங்கள் வேறு மாதிரிப் பேசியிருப்பீர்கள். 2014-இல் அவர் கோச்சாக இருந்தபோது பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கிய கார்டிஃப்? அது யார் போயிருந்தாலும் இறங்கியிருக்கும், விடுங்கள். அவருடைய யுனைடெட் லீக்கில் வெளியூர் மைதானங்களில் தொடர்ந்து 29 ஆட்டம் தோற்காமல் இருந்ததை மட்டும் ஒருவரும் பேச மாட்டீர்கள். ரசிகர்கள் நேசித்த ஆள் கோச்சாக வந்தால் ஜெயித்தது பழைய பாசத்தால், தோற்றது அறிவில்லாததால். இது என்ன கணக்கு?

அப்புறம், பி.டி. மாஸ்டர் என்றால் அவ்வளவு இளக்காரமா? எங்கள் பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்கு சார் பிடுங்கிக்கொள்வார். எங்கள் பி.டி. சார் ஒன்றும் பேசாமல் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார். ஆனால் சாயங்காலம் என்னைக் கோட்டுக்கு வெளியே உட்காரவைத்து, "அந்த டிஃபெண்டர் எந்தப் பக்கம் திரும்பத் தடுமாறுறான்னு பாருடா, அப்புறம் இறக்கிவிடறேன்" என்பார். ஆட்டத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது அவர்தான். ஸ்டாஃப் ரூமில் அவருக்குக் கிடைத்த மரியாதையையும் பார்த்தவன் நான். அந்த மீமுக்குச் சிரித்த முப்பது நாற்பது பேரில் பாதிப்பேர் அவரிடம் விளையாடியவர்கள். அதுதான் வலிக்கிறது.

கமென்ட்டில், 2021-இல் ஓலேயின் யுனைடெட் லிவர்பூலிடம் தோற்ற 5-0 ஸ்கிரீன்ஷாட்டோடு வருகிறவர்கள் வாருங்கள். அந்த மேட்ச்சைக் கடைசி விசில்வரை பார்த்தவன், அழிக்க மாட்டேன். கூடவே 2019 மார்ச்சில் பாரிஸில் பி.எஸ்.ஜி. கிளப்பை அவர் ஜெயித்த 3-1-ஐயும் போட்டுவிட்டுப் போங்கள்.