ரிப்பேர்காரர் கை நுழைகிற வீடு

கிரகப்பிரவேசத்துக்குப் போனால் ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன், எலிவேஷன் என்கிற முகப்பு அலங்காரம் என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். எல்லாம் பார்த்து முடித்ததும் நான் ஒன்றே ஒன்று கேட்பேன்: "செப்டிக் டேங்க் மூடி எங்க இருக்கு?" பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் கார் நிற்கிற இடத்தில் புதுசாக ஒட்டிய டைல்ஸைக் காட்டி, "இதுக்கு அடியிலதான்" என்பார்கள். நல்ல நாளும் அதுவுமாக இவன் கேட்கிற கேள்வியைப் பார் என்று சொந்தக்காரர்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

மதுரைப் பக்கம் வீடு கட்டிக் குடியிருக்கிறவன் என்ற முறையில் என் கட்சி இதுதான். கட்டும்போது குடியிருக்கப் போகிற நம்மை மட்டும் நினைக்கிறோம். பின்னால் வரப்போகிற பிளம்பரையும் பெயிண்டரையும் யாரும் நினைப்பதில்லை. பைப் ஒருநாள் ஒழுகத்தான் செய்யும், மோட்டாரில் காயில் போகத்தான் செய்யும். அன்றைக்கு வருகிறவருக்கு நிற்க இடமும் கை நுழைய வழியும் இருந்தால் நூறுகளில் முடியும் வேலை, இல்லாவிட்டால் சுவரை உடைப்பதில் ஆரம்பித்து ஆயிரங்களில் போய் நிற்கும்.

பாத்ரூமில் இப்போது எல்லாமே கன்சீல்டு. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சுவரை வெட்டி பைப் பதித்த பிறகு, பூச்சுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் டேப்பைப் பிடித்து, அளவு தெரிகிற மாதிரி ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வையுங்கள். எலக்ட்ரிகல் பைப்புக்கும் சேர்த்துத்தான். "பைப்பு எங்கிட்டுப் போகுதுண்ணே?" என்று பிளம்பர் கேட்கும்போது போனை நீட்டினால் போதும், கண்ட இடத்திலும் சுத்தியல் விழாது. பூசுவதற்கு முன் பைப்பில் தண்ணீரை அழுத்தத்தோடு நிரப்பி, கேஜ் முள் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாத்ரூமுக்கும் தனி வால்வு இருக்கட்டும். ஒரு குழாய் கெட்டதற்காக வீடு முழுக்கத் தண்ணீரை நிறுத்துவது பெரிய கொடுமை.

மாடி பாத்ரூமில் தளத்தைப் பள்ளமாக இறக்கிப் போட்டு, கழிவுப் பைப்பை அதற்குள் படுக்க வைத்து, மேலே செங்கல் துண்டைக் கொட்டி மூடுகிற பழக்கம் எனக்குப் பிடிப்பதே இல்லை. உள்ளே ஒரு ஜாயிண்ட் கசிந்தால் தண்ணீர் அங்கேயே தேங்கும். கீழ் அறை சீலிங்கில் ஈரம் படரும்போதுதான் நமக்குச் சேதி வரும். பைப்பைத் தளத்துக்கு அடியில் தொங்கவிட்டு வெளிச்சுவர்ப் பக்கம் கொண்டுபோய்விட்டால், ஒழுகுகிற இடம் கண்ணுக்குத் தெரியும். பார்க்க நன்றாக இருக்காது என்பார்கள். அந்த ஒரு இடத்துக்கு மட்டும் கழற்றி மாட்டுகிற மாதிரி சீலிங் அடித்துக்கொள்ளலாமே.

அடுத்தது பக்கவாட்டு இடம். விதிப்படி விட வேண்டியதை விழுங்கி, எல்லைக் கோட்டிலேயே சுவரை எழுப்புகிறோம். பக்கத்து மனைக்காரரும் அதையே செய்வார். நடுவில் கை கூட நுழையாத சந்து மிஞ்சும். வெளிப்பூச்சு பூச முடியாது, சாரம் கட்ட முடியாது, பெயிண்டும் கிடையாது. ஐப்பசி மழை முழுவதையும் வெறும் செங்கல் குடிக்கும். உள்ளே பெட்ரூம் பெயிண்ட் பொரிந்து உதிரும். பெயிண்ட் கம்பெனியை வைவோம். மூன்றடி விட்டிருந்தால் ஆள் போய் வரலாம். அறை கொஞ்சம் சின்னதாகிப் போனால் குடி முழுகிவிடாது.

சரி, எவ்வளவுதான் யோசித்தாலும் கை நுழையவே முடியாத இடங்கள் உண்டு. அங்கேதான் கட்டும்போதே கண்கொத்திப் பாம்பாக நிற்க வேண்டும். முதலாவது, கம்பிக்கும் சென்ட்ரிங் பலகைக்கும் நடுவில் வைக்கிற கவர் பிளாக். கையடக்கமான சிமெண்ட் வில்லை, அவ்வளவுதான். அதை வைக்கச் சோம்பல்பட்டு, பக்கத்தில் கிடக்கிற ஜல்லியைக் கம்பிக்கு முட்டுக் கொடுப்பார்கள். நாலு பேர் ஏறி நடந்தால் ஜல்லி நழுவும், கம்பி பலகையோடு ஒட்டிக்கொள்ளும். கம்பியை மூடுகிற கான்கிரீட் கனம் தளத்துக்குக் குறைந்தது 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40 என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்கிறது. அந்தக் கனம் இல்லாவிட்டால் ஈரம் சுலபமாகக் கம்பியைத் தொடும். துரு பிடித்த கம்பி பருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டை வெடித்துத் தள்ளும். பழைய வீடுகளில் சீலிங் பெயர்ந்து கம்பி பல்லிளிக்கிறதே, அதில் பெரும்பங்கு இந்த வேலைதான். கான்கிரீட் போடுகிற அன்று காலையில், வண்டி வருவதற்கு முன், குனிந்து பாருங்கள். மேஸ்திரி, "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்பார். பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும்.

இரண்டாவது, போட்ட கான்கிரீட் நன்றாக இறுகத் தண்ணீர் ஊற்றுவது. ஓபிசி என்கிற சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், இப்போது நிறையப் பேர் வாங்குகிற பிபிசி என்கிற கலப்பு சிமெண்டுக்கு 10 நாள். நம்மூர் வெயிலுக்கு எதுவானாலும் 10 நாளுக்குக் குறையக் கூடாது. தளத்தில் பாத்தி கட்டி நிறுத்திவிடலாம், அது பிரச்சினை இல்லை. ஏமாறுவது தூணில்தான். சாக்கைச் சுற்றிக் கட்டுவார்கள், மறுநாள் மத்தியானமே அது காய்ந்து அட்டை மாதிரி நிற்கும். வேலை நடக்காத நாளில் ஊற்ற ஆளே வராது. அதற்கென்று தனியாக ஒருவருக்குக் கூலி பேசிவிடுங்கள். எலிவேஷனுக்குச் செலவழிப்பதில் துளிகூட ஆகாது.

குடிபோன பிறகு பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். புரட்டாசியில், மழைக்கு முன், ஒருநாள் மொட்டை மாடிக்குப் போய் மழைநீர்க் குழாய் வாயில் அடைத்திருக்கிற சருகை அள்ளுங்கள். கூலிங் டைல்ஸ் இணைப்பு விட்டிருந்தால் அன்றைக்கே அடையுங்கள். கைப்பிடிச் சுவர் வெடிப்பில் அரசங்கன்று நிற்கிறதா பாருங்கள். காக்கை எச்சத்தில் வந்து முளைப்பது. மேலாகக் கிள்ளிப் போட்டால் மறுபடி துளிர்க்கும். இரண்டு இலை விடுகிற பருவத்திலேயே வெடிப்பைக் கொஞ்சம் கொத்தி, வேரோடு எடுத்து, கலவை வைத்துப் பூசிவிட வேண்டும்.

செப்டிக் டேங்க் மூடிமேல் ஏற்கெனவே டைல்ஸ் ஒட்டிவிட்டவர்கள், நாலு மூலையிலும் பெயிண்டால் புள்ளியாவது வைத்துக்கொள்ளுங்கள்.