சிவப்புக் கட்டத்தின் ஆட்சி
27 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றபின் எடுத்த வருங்கால வைப்பு நிதியை, இந்த வருமான வரி மென்பொருள் மூன்றாவது நாளாகச் சம்பளத்தோடு கூட்டி வரி கேட்கிறது. தொடர்ந்து 5 ஆண்டுகள் பணி செய்திருந்தாலே 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(12) பிரிவின்படி அந்த நிதிக்கு வரியில்லை என்பது இந்த மென்பொருளுக்குத் தெரியாதா? ‘விலக்குப் பெற்ற வருமானம்’ என்ற பகுதியில் தொகையை இட்டால் பிரிவைக் கேட்கிறது. பிரிவைத் தேர்ந்து சேமித்தால், தொகையைத் துடைத்துவிட்டுச் சிவப்புக் கட்டம் காட்டுகிறது. காற்புள்ளி இட்டாலும் பிழை, எடுத்தாலும் பிழை! காரைக்குடியில் எங்கள் ஐயா, பர்மாக் கொடுக்கல் வாங்கலையெல்லாம் மைக்கூடும் பேரேடுமாக உட்கார்ந்து அணா பிசகாமல் ஐந்தொகை போட்டார். அவர் பேரனான நான், அதே வளவு வீட்டில் மடிக்கணினியிடம் ஒற்றைத் தொகைக்காகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். உதவி எண்ணை அழைத்தால், இணைய இணைப்பைச் சரிபார்க்கச் சொல்கிறார்கள். இணைப்பில்லாமலா இவ்வளவு நேரம் அது என்னைத் திட்டிக்கொண்டிருந்தது?