93 ஸ்லைடும் ஒரு ஆனையும்

கேரளாவுல பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டுல ஒரு கம்பெனியில சேர்ந்து 10 நாள் ஆச்சு. முதல் நாள் புது ஆளுங்களுக்குக் கம்பெனியை அறிமுகப்படுத்துற இன்டக்‌ஷன்னு காலையில 9 மணிக்கே ஏசி ரூம்ல உட்கார வெச்சுட்டாங்க. முதலாளியோட தாத்தா கதையில ஆரம்பிச்சு மொத்தம் 93 ஸ்லைடு. சேஃப்டி வீடியோ முழுக்க மலையாளம். எங்க பேட்ச்ல பாதிப் பேர் வாளையாறு தாண்டி வர்ற கோயம்புத்தூர் ஆளுங்க, மீதி ஒடிசா பசங்க. "மனசிலாயோ?"ன்னு எச்ஆர் மேடம் கேட்டாங்க. எல்லாரும் தலையாட்டினோம். வேற என்ன பண்றது?

சாயங்காலம் ஒரு கத்தைப் பேப்பர், 17 கையெழுத்து. பிஎஃப் நாமினி இடத்துல ஒருத்தன் தன் பேரையே எழுதி வெச்சான், பாவம். மாசம் 21,000 ரூபாய் வரைக்கும் வாங்குறவங்களுக்கு ஈஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு உண்டு, சம்பளத்துல நம்ம பங்கு 0.75 சதவீதம். இதைச் சொல்ல ரெண்டு நிமிஷம் ஆகுமா? சொல்லல.

கேன்டீன் டோக்கன் எங்க வாங்கணும், மெஷின்ல அந்தச் சிவப்பு எமர்ஜென்சி பட்டன் எந்தப் பக்கம், ஏதாச்சும் தப்பானா யாரைக் கூப்பிடணும்... ம்ஹூம். ரெண்டாம் நாள் மத்தியானம் பட்டினி கிடந்துதான் டோக்கன் சமாச்சாரமே தெரிஞ்சுது. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு பின்கேட் வழியா நடக்காதே, ஆனை இறங்கும்னு சொன்னது வாட்ச்மேன் சேட்டன். அந்த 93 ஸ்லைடுல ஆனை எங்கயும் இல்லைங்க.

நேத்து ஃபீட்பேக் ஃபார்ம் குடுத்தாங்க. இங்கிலீஷ்ல.